ஒற்றைக்கண் நாய்க்கு அப்புறம்

மாமா போலீஸ் ஸ்டேஷனில் பேசி மாட்டிக்கொண்டார் என்று அத்தை போனில் அழுதபோது எனக்குக் கொஞ்சமும் ஆச்சரியம் வரவில்லை. பேசாமல் மாட்டிக்கொண்டிருந்தால்தான் அதிசயம். என் அம்மாவின் தம்பி அவர். குடும்பத்தில் அவருக்குப் பெயர் ஸ்பீக்கர் மாமா. அணைக்கிற சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கட்டிய அத்தைக்கே தெரியாது.

சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கப்பல் ஒதுங்கிய துறைமுகங்களில் பாதியில் மாமா ஏதாவது ஒரு சாக்கில் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்திருக்கிறார். ஓரிடத்தில் அனுமதிச் சீட்டைத் தொலைத்தார். இன்னோரிடத்தில் கப்பல் சமையல்காரர் யாரையோ அடித்ததற்கு இவர் சாட்சி. சட்டம் படித்தவள் என்னவோ நான். ஆனால் வீட்டு விசேஷங்களில் சட்டம் பேசுகிறவர் அவர்.

"உனக்கு என்ன தெரியும், உன் ஒரு நாட்டுச் சட்டம்தானே தெரியும்?" என்று என்னைப் பார்த்துத்தான் ஆரம்பிப்பார். "ஒரு நாட்டுல பிடிச்ச உடனே, நீ பேசாம இருக்கலாம், வக்கீல் வெச்சுக்கலாம்னு மனப்பாடமா ஒப்பிப்பான். இன்னொரு நாட்டுலயும் அதையேதான் சொல்லுவான், ஆனா கடைசில ஒரு வால் இருக்கும். இப்ப சொல்லாதத நாளைக்கு கோர்ட்ல போய்ச் சொன்னா, ஏன்யா அன்னிக்கே சொல்லலைன்னு கேப்பாங்களாம். வேற ஒரு நாட்டுல போலீஸ்கிட்ட நீ என்ன சொன்னாலும் அது செல்லாது. மாஜிஸ்திரேட் முன்னாடி சொன்னாத்தான் கணக்கு. இப்பச் சொல்லு, எது ஒசத்தி?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கப்பல் அடுத்த துறைமுகத்துக்குப் போயிருக்கும்.

இந்தப் பயணத்தின் கடைசியில் எப்போதும் ஒரு துறைமுகம் வரும். அங்கே நல்ல மழை. கப்பலுக்கு வந்த, கேபிள் சுற்றிய டிரம் ஒன்று காணாமல் போகும். அப்புறம் ஒற்றைக்கண் நாய் ஒன்று வரும். நாய் வந்துவிட்டது என்றால் எங்கள் வீட்டில் ஆளாளுக்கு வேலை வந்துவிடும். அம்மாவுக்குத் துணி காயப்போட வேண்டும். என் வீட்டுக்காரருக்கு வண்டியைத் தள்ளி நிறுத்த வேண்டும். அத்தைக்கு அடுப்பில் பால் இருக்கும், அடுப்பே பற்றவைக்காத நேரத்திலும் இருக்கும். நான் நேர்மையானவள், "நாய் வந்துடுச்சு, நான் கிளம்பறேன் மாமா" என்று சொல்லிவிட்டே எழுந்துவிடுவேன். அவரும் சிரித்துக்கொண்டே நாற்காலிகளுக்கு மீதியைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குடியிருப்பின் அடித்தளக் கிடங்கில் இருந்த செப்புக் கேபிள் டிரம் காணாமல் போயிருந்தது. பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு பேரிடம் உண்டு: மேலாளரிடம் ஒன்று, மாமாவிடம் ஒன்று. மேலாளர் அந்த வாரம் ஊரில் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்திருந்தார். பேசாமல் இருக்கும் உரிமையை எடுத்துச் சொல்லியிருக்கிறார். மாமா அதைக் கேட்டுவிட்டு, இதைவிட நல்லா மூணு நாட்டுல சொல்லிக் கேட்டிருக்கேன் சார் என்றிருக்கிறார். வக்கீல் வேண்டுமா என்று கேட்டதற்கு, "என் அக்கா பொண்ணே வக்கீல்தான் சார். பாவம், அவளுக்கு ஆயிரம் வேலை, அவளை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு" என்றிருக்கிறார். அப்புறம் கேமராவைப் போட்டதும் ஒப்புக்கொண்டுவிட்டார். நான்தான் எடுத்தேன் சார், எங்க கையெழுத்துப் போடணும்?

எங்கள் நாட்டுச் சட்டத்தில், போலீஸிடம் சொன்னதானாலும், கேமரா முன்னால் கொடுத்த வாக்குமூலம் செல்லும். அது மட்டும் கோர்ட்டில் நிலைத்துவிட்டால் மாமா சிறைக்குத்தான் போக வேண்டும். இந்த வயதில், ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு.

நான் சட்ட உதவி மையத்து வக்கீல். நிறைய வாக்குமூலங்கள் பார்த்திருக்கிறேன். மிரட்டி வாங்கியது, அடித்து வாங்கியது எல்லாம் ஆளின் முகத்திலேயே தெரியும். மாமாவின் பதிவை என் அலுவலகக் கணினியில் போட்டுப் பார்த்தேன். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்! டிரம்மைச் சாய்த்ததைச் சொல்கிறார். சரிவில் உருட்டியதைக் கையை உருட்டிக் காட்டுகிறார். அப்போது ஒரு நாய் வந்ததாம். ஒற்றைக்கண் நாய். குரைக்காமல் இருக்க அதற்கு பிஸ்கட் போட்டாராம்.

அந்தக் குடியிருப்பில் நாயே கிடையாது. நாய் வளர்க்கக் கூடாது என்று லிஃப்டுக்குள்ளேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

பதிவின் கடைசியில் இன்னொரு கூத்து. கையெழுத்துப் போட்டு முடித்ததும் மாமா பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு, தரையில் இருந்த சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, வரட்டுமா சார் என்று கதவைப் பார்த்து நடக்கிறார். சப்-இன்ஸ்பெக்டர் ஓடிவந்து தோளைப் பிடித்து உட்கார வைக்கிறார். திருட்டை ஒப்புக்கொண்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிற மனிதரை உலகத்தில் எந்த வக்கீல் காப்பாற்ற முடியும்? எனக்கு வந்த கோபத்தில் கணினியை மூடிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தேன்.

ஜாமீனில் எடுத்து வீட்டில் விட்ட அன்றைக்கு வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"எடுத்தீங்களா மாமா?"

"சேச்சே. நான் ஏன் எடுக்கப்போறேன்?"

"அப்புறம் எதுக்கு எடுத்தேன்னு சொன்னீங்க?"

"அந்த சப்-இன்ஸ்பெக்டர் நல்ல பையன்மா. டீ வாங்கிக் கொடுத்து, பேனாவைக் கீழ வெச்சுட்டுக் கேட்டாரு. நடுவுல ஒரு தடவைகூட எழுந்து போகல."

"அதுக்காக? கேக்கறவர் மனசு நோகக் கூடாதுன்னு ஜெயிலுக்குப் போவீங்களா? அதுவும் கப்பல் நாயைக் கூட்டிட்டு வந்து! இனிமே வழக்கு முடியற வரைக்கும் ஒரு வார்த்தை பேசினீங்க, நான் இந்தக் கேஸ்லயே இல்ல. வாயை இறுக்கி மூடிக்கிட்டு இருங்க. அது உங்க உரிமை!"

உரிமை என்பதை இவ்வளவு சத்தமாக யாரும் யாருக்கும் வழங்கியிருக்க மாட்டார்கள்.

அன்றோடு மாமா வாயை மூடினார். ஐயோ, அது எப்பேர்ப்பட்ட மௌனம்! அத்தை காபி வேண்டுமா என்றால் தலையாட்டல். பக்கத்து வீட்டுக்காரர் நலம் விசாரித்தால் கையைத் தூக்கி ஒரு கும்பிடு. நான்கே நாளில் அத்தை எனக்குப் போன் செய்தாள்.

"ஏண்டி, நீ என்னடி பண்ணி வெச்சே? வீட்டுல குழாய் சொட்டற சத்தம் கேக்குது. எனக்குப் பயமா இருக்கு. கொஞ்சமாவது பேசச் சொல்லு."

"உங்ககிட்ட பேசலாம் அத்தை. கோர்ட்லதான் கூடாது."

"சொன்னேனே. மருமக உத்தரவுன்னு ஜாடை காட்டறாரு."

எனக்கோ வேறு கவலை. வாக்குமூலம் பழைய கதையின் நகல் என்று நிரூபித்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். குடும்பமே சாட்சி. நாயைத் தெரியாதவர் எங்கள் வீட்டில் யார்? அரசு வக்கீலிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அந்த மனிதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"தாராளமா நிரூபிங்கம்மா. அங்கயும் ஒரு கேபிள் டிரம் காணாமப் போச்சு, அதுலயும் உங்க மாமா இருந்தாருன்னுதானே வரும்? பழக்கப்பட்ட கைன்னு நான் எடுத்துக்கறேன்."

அந்தத் துறைமுகக் கதையில் டிரம்மை எடுத்தது யார்? கடைசியில் என்ன ஆயிற்று? அம்மாவைக் கேட்டேன். "மழை பெய்யும், நாய் வரும். அதுக்கு மேல எனக்கு எப்படிடி தெரியும்?" என்றாள். என் வீட்டுக்காரரும் நாய் வரைதான். கட்டிய அத்தையும் நாய் வரைதான். இத்தனை பேர் இத்தனை காலம் கேட்ட கதைக்கு முடிவு தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

சரி, கதைக்குச் சொந்தக்காரரையே கேட்போம் என்று போனேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்து அத்தைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் நின்றாள்.

"மாமா, அந்தத் துறைமுகத்துல கடைசியில என்ன ஆச்சு?"

அவர் அத்தையை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அது ஒண்ணுமில்ல, விடும்மா. சும்மா இழுவை" என்றார். மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

கேட்காதபோதெல்லாம் சொன்ன மனிதர், கேட்டபோது சொல்ல மாட்டேன் என்கிறார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ரோஷம் என்று நினைத்துவிட்டேன்.

விசாரணை நாளில் கோர்ட் அறை புழுக்கமாக இருந்தது. மின்விசிறி சுற்றுவதாக நடித்துக்கொண்டிருந்தது. மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, உதட்டை உள்ளே மடித்து வைத்துக்கொண்டு கூண்டில் நின்றார். முன் பெஞ்சில் அம்மா, அத்தை, என் வீட்டுக்காரர். நீதிபதி வயதான பெண்மணி. கோர்ட்டில் நீட்டி முழக்கிப் பேசுகிறவர்களைக் கண்டால் ஆகாது என்று பெயரெடுத்தவர்.

சப்-இன்ஸ்பெக்டர் சாட்சிக் கூண்டில் ஏறினார். சின்ன வயது. அவரைப் பார்த்ததும் மாமா ஒரு புன்னகை செய்தாரே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டிவிட்டவரைப் பார்த்து இப்படியா சிரிப்பார்கள்?

குறுக்கு விசாரணையை ஆரம்பித்தேன். அடித்தீர்களா, இல்லை. மிரட்டினீர்களா, இல்லை. கேமராவைப் போடுவதற்கு முன்னால் பேசினீர்களா?

"பேசினோம். டீ குடிச்சிட்டே அவர் கப்பல் கதைகள் சொன்னாரு."

"அதுல ஒரு நாய் உண்டா?"

"உண்டு. ஒற்றைக்கண் நாய்."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். அரசு வக்கீல் காத்திருந்தவர் போல எழுந்தார். "அந்தக் கதையிலயும் ஒரு கேபிள் டிரம் காணாமப் போச்சா?" என்று குறுக்கே கேட்டார். ஆமாம் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அரசு வக்கீல் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கவே கூடாது. என்னிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளிடம் நானே வாய் வலிக்கச் சொல்வேன். அந்தப் பார்வையில் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கேட்டுவிட்டேன்.

"அந்தக் கதை எப்படி முடிஞ்சது?"

கூண்டில் இருந்து மாமா, "வேண்டாம்மா" என்றார். கோர்ட்டுக்குள் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. குறுக்கே பேச வேண்டாம் என்று நீதிபதி அவரைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

சப்-இன்ஸ்பெக்டர் மாமாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டிரம் எடுத்தது வேற யாரோ. இவர் மழைக்கு ஒதுங்கி நாய்க்கு பிஸ்கட் போட்டுட்டு நின்னிருக்காரு. அங்க நின்ன ஆள் இவர் ஒருத்தர்தான்னு பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. அவங்க பேசறது இவருக்குப் புரியாது, இவர் பேசறது அவங்களுக்குப் புரியாது. மொழி தெரிஞ்ச ஆளைக் கூப்பிடணும்னு அந்த நாட்டுல யாருக்கும் தோணலை. வக்கீலும் கிடையாது. தினம் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து நீட்டுவாங்களாம். இவர் இல்லை, இல்லைன்னு தலையாட்டுவாராம். வேற வேற கேஸ்ல பிடிபட்டுக் கூட இருந்தவங்க கையெழுத்துப் போட்டுட்டு அவங்கவங்க கப்பலுக்குப் போயிட்டே இருந்திருக்காங்க. இவர் மட்டும் உள்ள. கப்பலும் போயிடுச்சு. மழைக்காலம் முழுசும் உள்ள இருந்திருக்காரு. காய்ச்சல் வந்து, ஒரு கட்டத்துல பேச்சே வரலையாம். கடைசில கையெழுத்துப் போட்டாரு. மறுநாளே ஒரு கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டாங்க."

நான் அத்தையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க முடியாது.

"இதைச் சொன்ன பிறகு உங்ககிட்ட அவர் ஏதாவது கேட்டாரா?"

"கேட்டாரு." சப்-இன்ஸ்பெக்டர் மாமாவைப் பார்த்தார். "எந்த நாட்டுல என்ன சட்டம் எழுதி வெச்சிருந்தாலும் சரி, இல்லைன்னு சொன்னா உள்ள, ஆமான்னு சொன்னா வெளியதானே சார்னு கேட்டாரு. நான் ஆமான்னு சொன்னா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாமா, என் வீட்டம்மா தனியா இருப்பான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாக்கலாம்னு சொன்னேன்."

நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "பாக்கலாம்னு சொன்னீங்களா?"

"ஆமாம்மா. கதையோட கதையா கேக்கறாருன்னு நினைச்சுட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அவர் பொய் சொல்லியிருக்கலாம். ஞாபகமில்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. சொன்னார். அதற்காக அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்டதும் பையை மாட்டிக்கொண்டு கதவைப் பார்த்து நடந்த மாமா என் கண் முன்னால் வந்து நின்றார். அதைப் பார்த்துவிட்டுத்தானே நான் கோபத்தில் தண்ணீர் குடித்தேன்.

நீதிபதி நீட்டவில்லை. விட்டுவிடுவார்கள் என்ற ஆசையைக் கொடுத்து வாங்கிய வாக்குமூலம் எங்கள் நாட்டில் செல்லாது என்றார். அது போனால் மிச்சம் ஒரு சாவி. சாவி வைத்திருப்பது குற்றமில்லை என்றார். மாமாவைப் பார்த்து, "நீங்க வீட்டுக்குப் போகலாம். ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். மாமா என்னைக் கை காட்டி, உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார். நீதிபதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. கேபிள் என்ன ஆயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது; மாமாவுக்கு மட்டும் மூன்று விதமாகத் தெரியும்.

வெளியே நடைபாதையில் ஒரு பெஞ்ச். அத்தை அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. மாமா போய் அவள் முன்னால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார்.

"கப்பல் ரிப்பேர், அதனாலதான் லேட்டுன்னு சொன்னீங்களே" என்றாள் அத்தை. "இளைச்சுப் போயிட்டீங்களேன்னு கேட்டதுக்கு, கப்பல் சாப்பாடு சரியில்லைன்னீங்க. நானும் உங்க சமையல்காரரைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"அப்ப சொன்னா நீ பயந்துடுவே. மறுபடி கப்பலுக்கு விட மாட்டே. வேற வேலை எனக்கு என்ன தெரியும்?"

"அப்ப சொல்லலை, சரி. அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

மாமா சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"சொல்லிட்டுத்தானே இருந்தேன்" என்றார். "ஒவ்வொரு தடவையும் சொல்லிடணும்னுதான் ஆரம்பிப்பேன். நேரா அந்த இடத்துக்குப் போக எனக்கு வராது. அதனால மழை, நாய்னு சுத்தி வருவேன். நீங்க எல்லாம் எழுந்து போயிடுவீங்க. சரி, நாயை இன்னும் கொஞ்சம் தமாஷா சொன்னா உக்காருவீங்களோன்னு அதை வளத்துக்கிட்டே போனேன்."

என் வீட்டுக்காரர் வண்டிச் சாவியைக் கையில் வைத்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் பேசாமல் இருக்கும் உரிமையை எடுத்துச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

அத்தை பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க. நாய் வேண்டாம். அதுக்கு அப்புறம் இருந்து சொல்லுங்க."

மாமா உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அந்த மனிதருக்கு, எங்கள் ஸ்பீக்கர் மாமாவுக்கு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அத்தை அவர் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். என் அடுத்த வழக்குக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் சுவரோரமாகத் தரையிலேயே உட்கார்ந்தேன்.

"அந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாது" என்றார் மாமா. பிறகு ரொம்ப நேரம் பேசினார். யாரும் எழுந்திருக்கவில்லை.